திருட்டு முகம்

கூட்டமென்றால் அப்படிக் கூட்டம்! திருவையாற்றுக்குக் கிழக்கே, மிராசுதார் சிவசாமியின் நெற்களத்தில் கால் வைக்க இடமில்லை. ஞானக்கண் சுவாமிகள் வந்து இறங்கி நான்கு நாளாகிறது. ஒருவன் முகத்தை உற்றுப் பார்த்தால் போதுமாம், அவன் செய்த திருட்டு அவருக்குத் தெரிந்துவிடுமாம். இது தெரியாமல் சர்க்கார் ஊருக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷன் கட்டி வைத்திருக்கிறது, பாவம்!

சுவாமிகள் இதுவரை மூன்று திருடர்களைப் பிடித்திருந்தார். மூன்று பேரும் குத்தகைக்காரர்கள். புது ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி, தங்கள் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தவர்கள். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது அவர்களை வயலை விட்டு இறக்க முடியாது. மனுக் கொடுத்தவன் முகம் மட்டும் ஞானக்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததே, அதுதான் அதிசயம்! திருடனுக்கு நிலம் எதற்கென்று ஊரே கூடி அவர்களை வயலை விட்டு இறக்கிவிட்டது.

இன்று ஐயாவுவின் முறை. அவரும் மனுக் கொடுத்தவர்தான். மிராசுதாரின் விதைநெல்லில் இரண்டு மூட்டையைக் காணோமாம். "ஐயாவு வேலையாத்தான் இருக்கும்" என்று மிராசுதாரின் வரவு செலவைக் கவனிக்கும் காரியக்காரர் உலகநாதன் விடிந்ததிலிருந்து டீக்கடையிலும் மதகடியிலும் ஊதி வைத்திருந்தார். இருபது வருடமாக உழுத ஆறு மா நிலம் இன்று சாயங்காலத்துக்குள் போய்விடும்.

ஐயாவுவின் மனைவி அம்சத்துக்கு விஷயம் நேற்றே புரிந்திருந்தது. நேற்று மூன்றாவது குத்தகைக்காரர் கண்ணுசாமியைத் திருடனாக்கியபோது அவள் வைக்கோல் போர் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். எல்லோரும் கண்ணுசாமியையே பார்த்தார்கள். அவள் மட்டும் சுவாமியைப் பார்த்தாள். அவர் விரல் வரிசையில் நின்றவன் தாடையைத் தூக்கியது. கண்ணோ அவன் தோளுக்கு மேலாகப் பின்னால் நின்ற கூட்டத்தின் மேல் மேய்ந்தது. யாரிடம் வரும்போது ஊர் மூச்சைப் பிடிக்கிறதோ அவன் திருடன். அவ்வளவுதான் ஞானம்!

அம்சம் முன்னால் வந்தாள். "சாமி, மூட்டை கெடக்கட்டும். மொதல்ல என் அருவாளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. இந்தக் களத்துலதான் யாரோ எடுத்துட்டாங்க."

"அற்ப அரிவாள்! நொடியில் காட்டுகிறேன், தாயே."

"அப்ப ஆம்பளைங்க எல்லாரும் வரிசையில நிக்கட்டும். பாவம் பண்ணுனா எந்த மொகத்துலயும் தெரியும்ல?"

காவிரியில் குளித்துவிட்டு ஈர வேட்டியும் வெறும் மார்புமாக வேடிக்கை பார்க்க வந்த ஓர் இளைஞரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார். காலை பஸ்ஸில் திருவாரூரிலிருந்து வந்த மிராசுதாரின் மாப்பிள்ளை அவர். தை மாதக் கல்யாணத்திலேயே ஊர் அவரைப் பார்த்துவிட்டது. சுவாமிதான் பார்த்ததில்லை.

அம்சம் நடவுப் பெண்களிடம் கிசுகிசுத்தாள். "மாப்பிள்ளையையே பாருங்கடி."

பத்துப் பேர் அவரையே வெறித்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எதற்கென்று தெரியாமலே எல்லோரும் பார்த்தார்கள். சுவாமியின் விரல் மாப்பிள்ளையின் தாடையில் பட்டதும், ஐயையோ யார் மேல் கை வைக்கிறார் என்று ஊரே மூச்சைப் பிடித்தது.

"இதோ திருடன்! திருட்டுக் களை முகத்தில் சொட்டுகிறது!"

சொட்டியது காவிரித் தண்ணீர்.

நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சிவசாமி துள்ளி எழுந்தார். "அடப்பாவி, அது எங்க வீட்டு மாப்பிள்ளைடா!"

அம்சம் முந்தானைக்குள் செருகியிருந்த அரிவாளை உருவித் தூக்கிக் காட்டினாள். களமே சிரித்தது. ஞானக்கண் ஓட வழி தேடியது.

அம்சம் சிரிக்கவில்லை. "என்ன சிரிப்பு? இந்த ஆளு வரிசையில நின்னவங்க மொகத்தையா பாத்தான்? உங்க மொகத்தைப் பாத்துச் சொன்னான். கண்ணுசாமி அண்ணனைத் திருடனாக்குனது நீங்கதான். மூட்டை காணாமப் போனதை உங்கள்ல ஒருத்தராவது கண்ணால பாத்தீங்களா?"

உலகநாதன் மெதுவாக நழுவினார். ஐயாவு, இறக்கிவிடப்பட்ட மூவரையும் அழைத்துக்கொண்டு அன்றே தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. போகும்போதே ஒருவர், "இவன் போலின்னா, ஆத்துக்கு அக்கரையில நெசமான சாமி ஒருத்தர் இருக்காராமே?" என்று விசாரித்தார்.

போங்களய்யா, போங்கள்! நீங்கள் உற்றுப் பார்த்தால் மாப்பிள்ளையையும் திருடன் என்று சொல்கிறவனிடம் பக்கத்து வீட்டுக்காரன் யோக்கியதையைக் கேளுங்கள். இருபது வருடம் அவனோடு வாழ்ந்த உங்களுக்கு மூளை எதற்கு இருக்கிறதென்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள்!