டிரைவர் சீட்டில் ஒரு பூசண ஆசாமி

குற்றாலிங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். என்ன ஆனாலும் சரி, இனி ஸ்டியரிங் தன் கையில்தான் இருக்க வேண்டும்.

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டியவர் அவர். குறுக்கே மாடு வந்தாலும் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தாலும், அவர் ஹாரன் அடித்தால் ஒதுங்காத ஜீவன் கிடையாது. ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த மறுநாள்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே வேறொரு டிரைவர் பல வருஷமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஆனந்தவள்ளி. அந்த வண்டியில் குற்றாலிங்கத்துக்கு ஜன்னலோர சீட்டுகூட இல்லை.

அதனால் ஆனந்தவள்ளிக்குத் தெரியாமல் ஒரு படகு வாங்கினார்.

பழைய படகுதான். செங்கோட்டை தாண்டி, தென்மலைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரிசார்ட்டில் சும்மா கிடந்தது. சின்ன மோட்டார், நாலு சீட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஸ்டியரிங். ஐந்தருவிக்குப் போகிற வழியில் அய்யாக்குட்டி என்ற சிநேகிதனுக்கு ஒரு தோப்பு உண்டு. தோப்புக்குள் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற ரூம்கள், பின்னால் ஒரு பெரிய குளம். குற்றாலச் சாரலுக்கு வருகிறவர்களைக் குளத்தில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது திட்டம்.

திட்டத்தில் ஓட்டை ஒன்றே ஒன்றுதான். குற்றாலிங்கத்துக்கு நீச்சல் தெரியாது. மெயினருவியில்கூடக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டுதான் குளிப்பார். கல்யாணமான புதிதில், மாமனார் ஊரான வீரகேரளம்புதூரில், ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். முங்கி முங்கி எழுந்தவரை ஆனந்தவள்ளிதான் பாய்ந்துபோய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். அன்றைக்குப் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை. "இனிமே உங்க காலு ஆத்துலயும் கொளத்துலயும் படப்பிடாது" என்பது அவள் போட்ட சட்டம். படகு விஷயம் தெரிந்தால் என்ன செய்வாள்?

படகு லாரியில் வந்து இறங்கியது. அய்யாக்குட்டி தார்ப்பாயை இழுத்தான்.

வெள்ளை ரெக்சின் சீட்டு என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். வெள்ளையைக் காணவில்லை. கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாகப் பூத்துக்கிடந்தது. மழைக்காலத்தில் மறந்துபோன தேங்காய் மூடி மாதிரி ஒரு வாடை.

"அண்ணாச்சி, இது என்ன டிசைனா?"

"ஏலே, அது பூசணம்லே."

"பூஷணமா? பேரு நல்லாத்தான் இருக்கு."

"பூஷணம் இல்லலே, பூசணம்! இதுல எவன் உக்காருவான்? இந்தக் கறை போனாத்தான் நாம கரை சேர முடியும். நீ யார்ட்டயும் மூச்சு விடப்பிடாது. சத்தியம் பண்ணு."

அய்யாக்குட்டி தென்னை மரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

மறுநாளிலிருந்து குற்றாலிங்கம் தினமும் காலையில் குற்றாலத்துக்குக் கிளம்பினார். வீட்டில் சொன்னது எண்ணெய்க் குளியல். முதலில் சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும். பூசணம் போகவில்லை, ரெக்சினில் கீறல் விழுந்தது. அடுத்து பிளீச்சிங் பவுடர். அது பூசணத்தோடு நிற்காமல் தையல் நூலையும் தின்றது. ஒரு சீட்டின் ஓரம் வாயைப் பிளந்து, உள்ளேயிருந்த ஸ்பாஞ்சு நாக்கை நீட்டியது. குற்றாலிங்கம் இருமிய இருமலில் தோப்பில் இருந்த குரங்குகள் எல்லாம் அடுத்த தோப்புக்குக் குடிபோயின. கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று வினிகரைத் தண்ணீரில் கலந்து, பழைய வேட்டித் துணியால் பொறுமையாகத் துடைத்தார். கறை விட்டது! சாயங்காலம் நாலு சீட்டும் பல் விளக்கிய மாதிரி பளிச்சென்று இருந்தன. வெயில்தான் இல்லை. சாரலுக்குப் பயந்து தார்ப்பாயை இறுக்கிப் போர்த்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலிலேயே ஆனந்தவள்ளி மூக்கைச் சுருக்கினாள்.

"எங்க போயிட்டு வாரிய?"

"எண்ணெய்க் குளியலுக்குத்தான்."

"தலையில எண்ணெயக் காணோம்?"

"அருவியில போயிருச்சு."

"சரி. அப்போ ஏன் ஊறுகாய் மாதிரி மணக்குதிய?"

"அது... அது புதுத் தைலம் வள்ளி. மூட்டு வலிக்கு. கேரளாத் தைலம்."

"மூட்டு வலி எனக்குல்லா இருக்கு? எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க" என்றாள் ஆனந்தவள்ளி. அவள் சண்டை போட்டிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சிரித்துவிட்டுப் போனாள். அதுதான் பயமாக இருந்தது.

அதற்கு மறுநாள் மதியம் வரைக்கும் சீட்டுகள் சுத்தமாகத்தான் இருந்தன. குற்றாலிங்கம் ஒருமுறை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தரையில் நின்ற படகை மனசுக்குள்ளேயே அம்பாசமுத்திரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டதும் வழக்கம்போல் ஒரு தூக்கம். அடுத்த நாள் காலையில் போய்த் தார்ப்பாயை விலக்கினார்.

கை அப்படியே நின்றது.

மூன்று சீட்டு வெள்ளையாக இருந்தன. டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

ஆள் இல்லை. ஆளுடைய கறை. சாய்மானத்தில் அகலமாக ஒரு முதுகு. கீழே பருத்த இரண்டு தொடை. நடுவில் இடுப்பு மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. கன்னங்கரேலென்று, எழுந்துபோக மனசில்லாமல் உட்கார்ந்த ஒருத்தனுடைய பூசணம்.

"ஏலே... அய்யாக்குட்டி... ஏலே!"

அய்யாக்குட்டி ஓடி வந்து பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனான். "அண்ணாச்சி, முந்தாநாளே துடைச்சியள்லா?"

"துடைச்சேன்லே!"

"அப்போ... முன்னால இத ஓட்டினவரு யாருன்னு விசாரிச்சியளா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரிசார்ட்ட எதுக்கு மூடினாங்கன்னு கேட்டியளா?"

"ஏன்லே கேக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று அய்யாக்குட்டி ஈரத் தோப்பைப் பார்த்தான். ஒண்ணுமில்லை என்பதை இவ்வளவு பயங்கரமாக யாரும் சொல்லிக் குற்றாலிங்கம் கேட்டதில்லை.

மறுபடியும் வினிகரைத் தொட்டுத் துடைத்தார். கறை எளிதாகவே போனது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆசாமி துடைத்தால் போகிறான், நினைத்தால் வருகிறான் என்றல்லவா ஆகிறது? மறுநாள் காலையில் வந்திருந்தான். அதே முதுகு, அதே தொடை. இந்தத் தடவை ஸ்டியரிங் மேல் ஐந்து விரல் அச்சும் இருந்தது.

குற்றாலிங்கம் படகைவிட்டு விழுந்தடித்து இறங்கினார். வேட்டி கொக்கியில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்து, வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அரைக்கால் டிராயரோடு தோப்பு வாசல் வரைக்கும் ஓடினார். கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரைப் போட்டோ எடுத்தது.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. பாத்ரூம் வாளித் தண்ணீரைக்கூட எட்ட நின்றுதான் மொண்டார். சோபாவில் உட்காரும் முன் யாரும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று தடவிப் பார்த்தார். ஆனந்தவள்ளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போவமா? இல்ல கோயிலுக்குப் போவமா?"

கோயில் என்ற வார்த்தையில் அவர் உடைந்துவிட்டார். பெண்டாட்டி பயம் ஒரு பக்கம், பேய் பயம் ஒரு பக்கம். தராசில் வைத்துப் பார்த்தார். பெண்டாட்டி அடித்தாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். படகு, பூசணம், வினிகர், சீட்டில் உட்கார்ந்த ஆசாமி, எல்லாம்.

ஆனந்தவள்ளி அசையாமல் கேட்டாள். "ஆளு எப்படி இருந்தான்?"

"ஐயோ, அதக் கேக்காத வள்ளி. மனுசன் மாதிரியே இல்ல. ஒரு யானைக்குட்டிய உக்கார வச்ச மாதிரி. இடுப்பு மட்டும் இத்தாம் பெருசு."

"எத்தாம் பெருசு?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஆனந்தவள்ளியின் முகம் ஏனோ சிவந்தது.

"அவ்வளவு பெருசாவா?"

"அதுக்கும் கூடவே இருக்கும். அந்தத் தொடை இருக்கே..."

"போதும்" என்றாள் ஆனந்தவள்ளி, வெட்டுகிற மாதிரி. பிறகு எழுந்து, பூஜை அறையில் சூடம் ஏற்றினாள். "கைய நீட்டுங்க. இனிமே அந்தப் படகுல ஏறமாட்டேன், அந்த ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்னு அடிச்சுச் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்துச் சொன்னார். அன்றைக்குத்தான் மூன்று தோசை இறங்கியது. படகைத் தலைமுழுகிவிட்டாள், யாரிடமாவது தள்ளிவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. இவளிடம் போய் மறைத்தோமே என்று கண்கூடக் கலங்கியது.

ஆடி பிறந்தது. ஒரு காலையில் ஆனந்தவள்ளி ஆளைக் காணோம். போன் மட்டும் வந்தது. "அய்யாக்குட்டி தோப்புக்கு வாங்க. பயப்படாதிய, பகல்தானே."

போனார். குளக்கரையில் சீசன் கூட்டம். குளத்தின் நடுவில், சாரலுக்குள், ஒரு மோட்டார் சத்தம். பால் மாதிரி வெள்ளைச் சீட்டுகள். மூன்று சீட்டில் குழந்தையும் குட்டியுமாக ஒரு குடும்பம். நாலாவது சீட்டில், பட்டுப்புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் திருப்பியபடி ஆனந்தவள்ளி. அகலமான முதுகு. இடுப்பில் மடிப்பு.

குற்றாலிங்கம் அந்த உருவத்தையே பார்த்தார். எங்கேயோ பார்த்த உருவம். எங்கே என்று தெரிந்ததும் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

படகு கரை சேர்ந்தது. ஆனந்தவள்ளி இறங்கினாள்.

"அடுப்புக்கரியும் கஞ்சியும்தான்" என்றாள். "பழைய சேலையில பூசிக் கட்டிக்கிட்டு உக்காந்து எந்திரிச்சேன். நீங்க மத்தியானம் தூங்குத நேரத்துல இங்கன வந்துட்டுப் போயிருவேன். இத்தன வருசம் கூட இருந்தும் பெண்டாட்டிய அடையாளம் தெரியல. யானைக்குட்டியாம்."

"யானைக்குட்டி அழகுதான வள்ளி..." என்றார் குற்றாலிங்கம் ஈன சுரத்தில். பிறகு அய்யாக்குட்டியைப் பார்த்துப் பாய்ந்தார். "ஏலே, யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினியே!"

"யார்ட்டயும் சொல்லல அண்ணாச்சி. ஊறுகாய் வாடை அடிச்ச அன்னிக்கே மதினி போன் போட்டாவ. மதினிட்ட மட்டும்தான் சொன்னேன். நீச்சல் தெரியாத ஆள என் குளத்துல எறக்கிட்டு, பொறவு மதினிக்கு யாரு பதில் சொல்லுதது?"

"அன்னிக்கு ஆத்துல உங்க முடியப் பிடிச்சு இழுத்தேன்" என்றாள் ஆனந்தவள்ளி. குரல் சட்டென்று இறங்கியிருந்தது. "இப்போ பிடிக்கதுக்கு உங்க தலையில முடி இருக்கா?"

குற்றாலிங்கம் தலையைத் தடவிப் பார்த்தார். நியாயமான கேள்விதான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சீட்டு எப்படி இப்படி வெள்ளையாச்சு?"

"மேல துடைச்சா போதுமா? உள்ள ஸ்பாஞ்சு நனைஞ்சுல்லா கெடந்தது. மூச்சு முட்டத் தார்ப்பாயையும் போத்திட்டிய. கழத்தி, காத்தாடிக்குக் கீழ காய வச்சு, பிஞ்ச தையலப் போட்டு மாட்டினேன். அவ்வளவுதான்."

"அப்போ நான் ஒரே ஒரு சுத்து..."

"சூடத்துல அடிச்சது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இரண்டு தடவை அடித்ததும் ஞாபகம் இருந்தது.

"அப்போ எனக்கு இங்கன என்ன வேலை?"

ஆனந்தவள்ளி மோட்டார் கொட்டகையைக் காட்டினாள். அங்கே சுவர் உயரத்துக்குப் பழைய லைஃப் ஜாக்கெட்டுகள், அத்தனையிலும் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"லைஃப் ஜாக்கெட் கேட்டேன், அந்த ரிசார்ட்டுல கெடந்த எல்லாத்தையும் சேத்துக் கொடுத்துட்டாவ. வினிகர் உள்ள இருக்கு. உங்களுக்குத்தான் கை பழகிருக்கே."