நாற்பத்தோரு டெமோவும் திறக்காத கதவும்

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் முளைத்த வருஷம், வீராயி என்றொரு கீரி பாம்புச் சட்டை வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். பாம்புகள் உரித்துப் போடும் சட்டையைப் புற்றுப் புற்றாகப் போய் வாங்குவாள். கூட்டுக்குள் மெத்தை விரிக்க ஆசைப்படும் மைனாக்களுக்கு விற்பாள். கீரி போய்ப் பாம்பிடம் சரக்கு எடுப்பதா என்று சொந்தக்காரர்கள் காறித் துப்பினார்கள்.

"பகை உங்க வீட்டுல அடுப்பு எரிக்குதா? அப்ப நீங்க உட்கார்ந்து பகைச்சுக்கிட்டு இருங்க. எனக்கு வேலை கிடக்கு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். ஒரு நல்லபாம்பு விலை படியாமல் சீறியபோது, "சீறலை அப்புறம் வச்சுக்க, ரேட்டைச் சொல்லு" என்று கேட்டவள்.

அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒருவன் ஏமாற்றியிருந்தான். வெளிக்காட்டிலிருந்து வந்த ஒரு காட்டுப்பூனை. இங்கிலீஷில் எழுதிய தாளை நீட்டினான். இவள் நகத்தைப் பதித்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்து சேர்த்த சட்டையெல்லாம் போயிற்று. "கடைசி வரியில 'எல்லாம் இனாம்'னுதானேக்கா போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பூனை மீசையைத் தடவிக்கொண்டது.

அன்றைக்கே வீராயி தீர்மானித்துவிட்டாள். மகள் மோனிஷா இங்கிலீஷ் படிக்க வேண்டும். எழுதவும் வேண்டும்.

ஓடைக்கு அக்கரையில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பில் சேர இங்கிலீஷில் ஒரு கதை எழுதிக் காட்ட வேண்டும். தேறினால் இடம். தேறாவிட்டால் மோனிஷாவும் புற்றுப் புற்றாகக் கூடை தூக்க வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அழைத்தது ஒரு நரி.

"வணக்கம் மேடம், கிளிப்பேச்சு அகாடமியிலேருந்து சந்தோஷ் பேசறேன். ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் இங்கிலீஷ் இலக்கியம், கதை எழுதுறது, கட்டுரை எழுதுறது, எல்லாம் ஆன்லைன்ல..."

"எவ்வளவு?"

"நூத்தியிருபது முட்டை மேடம். இன்னைக்கு மட்டும் தொண்ணூறு."

"நாளைக்கு?"

"நாளைக்கும்... தொண்ணூறுதான் மேடம்."

"அப்புறம் எதுக்குடா இன்னைக்கு மட்டும்னு கத்துன? என் காது என்ன சந்தையா?"

"கோவப்படாதீங்க மேடம். முதல்ல ஒரு டெமோ கிளாஸ் பாருங்க. அது ஃப்ரீ."

வீராயியின் மீசை ஒருமுறை துடித்து அடங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன் அவள் பேரத்தை அவனே பேசி முடித்துவிட்டான்.

டெமோ எடுத்தது ஒரு கொக்கு. மின்மினிகளை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் முகத்தை நீட்டிக்கொண்டு கதை சொன்னது. பனி கொட்டும் ஊர். வழிதவறிய முயல்குட்டி ஒன்று. அத்துவானத்தில் ஒரு பழைய வீடு. முயல்குட்டி கதவைத் தட்டுகிறது. உள்ளேயிருந்து ஒரு குரல்: 'ஏழு வருஷமா உனக்காகத்தான் காத்திருக்கேன்.'

மோனிஷாவின் வால்முடி சிலிர்த்தது. "அப்புறம் மிஸ்?"

"அதை முழு கோர்ஸ்ல பார்க்கலாம் செல்லம். பை!"

திரை இருண்டது.

வேறு யாராக இருந்தாலும் ஒன்று முட்டையைக் கட்டியிருப்பார்கள், இல்லை விட்டுத்தொலைத்திருப்பார்கள். வீராயி உட்கார்ந்து யோசித்தாள். ஒரு போன் நம்பருக்கு ஒரு டெமோ. காட்டில் எத்தனை போன்! அணில் வீட்டுப் போனைக் கேட்டாள். முள்ளம்பன்றியின் போனைக் கேட்டாள். கிளிப்பேச்சு முடிந்ததும் அடுத்த அகாடமி, அதற்கடுத்த அகாடமி. காட்டில்தான் மரத்துக்கு ஒன்று முளைத்துவிட்டதே. ஆக மொத்தம் நாற்பத்தோரு டெமோ. நயா முட்டை செலவில்லை.

அகாடமிகள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவை. அதனால் எங்கே போனாலும் அதே பனி, அதே முயல், அதே கதவு. மயில் மிஸ் அந்த இடத்தில் தோகையை விரித்து நிறுத்தினாள். வெளிநாட்டுக்கு வலசை போய்வந்த வாத்து மிஸ், யாருக்கும் புரியாத உச்சரிப்பில் நிறுத்தினாள். நிறுத்துவது மட்டும் தவறவே இல்லை.

"அம்மா, உள்ள இருக்கிறது யாரும்மா?" என்று மோனிஷா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"யாரா இருந்தா என்னடி? கதைன்னா கடைசியில யாராச்சும் யாரையாச்சும் தின்பாங்க. அவ்வளவுதான்."

"முயல் பாவம்மா."

"தொண்ணூறு முட்டை குடுத்துத் தெரிஞ்சுக்கிற அளவுக்கு ஒண்ணும் பாவமில்ல."

ஆனால் பிள்ளை படித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் வரி படிக்கிறவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று நாற்பத்தோரு டெமோவிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சரக்கு மூட்டையில் நல்ல சட்டையை மேலே வைத்துக் காட்டுகிற வித்தைதானே அது என்று வீராயிக்கும் மெத்தப் பிடித்துப்போயிற்று.

பரீட்சை நாள் வந்தது. தலைமையாசிரியர் ஒரு எருமை. மோனிஷா எழுதியதைக் கையில் வாங்கினார். முதல் வரியில் அசைபோடுவது நின்றது. பத்தாவது வரியில் ஈ ஓட்டுகிற வால் நின்றது. பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைத் தாள். அடியில் ஒரே ஒரு வரி: 'மீதியை முழு கோர்ஸில் பார்க்கலாம் செல்லம்.'

"முடிவு எங்கேம்மா?"

"அது ஃபீஸ் கட்டுற கிளாஸ் சார்" என்றாள் மோனிஷா, உள்ளதைச் சொல்லுகிற பிள்ளை.

வீராயி முன்னால் வந்தாள். "சார், ஆரம்பம் நல்லாருக்கா இல்லையா?"

"பிரமாதமா இருக்கு."

"அப்ப பாதி மார்க்கு போடுங்க."

"பாதிக் கதைக்கு இங்க இடம் குடுக்கிறதில்லம்மா."

"பாதி இடம் குடுங்க. மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல உட்காரட்டும்!"

எருமை தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமைக்குள்ள முடிவை எழுதி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கண்டிப்பா இடம் தர்றேன். எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றார்.

மோனிஷா மூன்று நாள் பேனாவோடு உட்கார்ந்தாள். சொந்தமாக ஒரு முடிவைப் போட்டுவிடலாம் என்று பார்த்தாள். பனி வந்தது, முயல் வந்தது, கதவு வந்தது, குரல் வந்தது. அந்த இடத்தில் கை தானாக நின்றுவிட்டது. நாற்பத்தோரு தடவை நின்று பழகின கை. தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதினாள். கை அதே இடத்தில் நின்றது.

பிள்ளை சத்தமில்லாமல் அழுவதை வீராயி பார்த்தாள். சண்டை போட்டு அழுதால் திட்டியிருப்பாள். போனை எடுத்தாள்.

"டேய் சந்தோஷு, நூத்தியிருபதே தர்றேன். பேரம் கிடையாது. கோர்ஸைத் திற."

மறுமுனையில் நரி எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நூத்தியம்பது வாங்கிக்கடா! அந்த வீட்டுக்குள்ள யாருன்னு மட்டும் என் பிள்ளைக்குச் சொல்லு."

"மேடம்..." நரி தொண்டையைச் செருமியது. "முழு கோர்ஸ்ல இதுவரைக்கும் யாரும் சேர்ந்ததே இல்ல. அதனால அதை யாரும் எழுதவே இல்ல."

"அப்ப முடிவு?"

"எனக்கெப்படித் தெரியும்? நானே டெமோவில படிச்சவன். கொக்கு மிஸ்ஸும் அப்படித்தான்."

"பின்ன எப்படிடா பொழைக்கிறீங்க?"

"நம்ம காட்டு ராஜா சிங்கம்தான் முட்டையை முதலாப் போடுது மேடம். எத்தனை பேர் டெமோ பார்த்தாங்கன்னு மட்டும்தான் கேக்கும். இந்த வருஷம் நாங்க மட்டுமில்ல, எல்லா அகாடமியும் தலை நிமிர்ந்து நின்னதே உங்க வீட்டாலதான்!"

போனை ஓடையில் எறியக் கையை ஓங்கினாள். நரி அவசரமாகக் கத்தியது: "மேடம், பாப்பாவை எங்ககிட்டயே மிஸ்ஸா அனுப்புங்க! அந்தக் கதையை அவளை மாதிரி இத்தனை தடவை கேட்டவங்க இந்தக் காட்டுல யாருமில்ல. முடிவு தெரிஞ்சவங்களை வச்சா என்னைக்காவது வாய் தவறிச் சொல்லிடுவாங்க. பாப்பாகிட்ட அந்தப் பயமே இல்ல. மாசம் முப்பது முட்டை."

ஓங்கிய கை இறங்கியது. "அறுபது" என்றாள் வீராயி. அவள் வாய் அதற்குத்தான் பழகியிருந்தது. நாற்பத்தைந்தில் படிந்தது.

திங்கட்கிழமை எருமை சார் பள்ளிக்கூட வாசலில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். மோனிஷா அந்நேரம் மின்மினி வட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். தொடங்கும் முன் நரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "சார், உள்ள யாருன்னு குட்டிங்க கேட்டா என்ன சொல்றது?"

"கேட்டுக்கிட்டே இருக்கணும்மா. அதுக்குத்தானே சம்பளம்."

முதல் நாள் ஐம்பது குட்டிகள் கேட்டன. மறுநாள் நூறு. மூன்றாவது வாரத்தில் ஒரு முயல்குட்டி வந்தது. அது ஒன்றும் கேட்கவில்லை, திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதது. அந்த மாதம் மோனிஷா மிஸ்ஸுக்கு போனஸ் கொடுத்தார்கள்.

நீதி: பாதியில் நின்றுவிட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அடுத்த வாரம் உங்கள் பிள்ளை அவளிடம்தான் படிக்கப் போகிறது.