பருப்புத்தேங்காய்க்கு ஃபுல் வெல்ட்

ஏழு மாத அனுபவத்துக்கு இருக்கும் திமிர் இருபது வருஷ அனுபவத்துக்கு இருப்பதில்லை. என்னுடைய அந்த ஏழாவது மாதம் 2001-ல், புனேயில் வந்தது. போசரியில் ஒரு தகட்டு வேலைத் தொழிற்சாலையில் டிசைன் எஞ்சினியர் உத்தியோகம். அதாவது, ஒரு பெட்டியையோ புனலையோ கம்ப்யூட்டரில் முழு உருவமாக வரைந்து, அதை விரித்துத் தட்டையாக்கி, தகட்டை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று சொல்வது. (தீபாவளி ஸ்வீட் டப்பாவைப் பிரித்துப் பரப்பியிருக்கிறீர்களா? அதேதான். அதற்குத்தான் நாலு வருஷம் படித்தேன்.)

அப்போது சித்ரா அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மும்பையிலிருந்து ஞாயிறு மாலை நாலு மணிக்கு விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கடைசி நேரத்தில் தட்டிப்போன வீடு என்பதால் அம்மா எதிலும் குறை வைக்கக் கூடாது என்று துடித்துக்கொண்டிருந்தாள். சீர்த்தட்டில் பருப்புத்தேங்காய் ஜோடியாக நிற்க வேண்டும். கூம்பு வடிவத் தகரக் கூட்டில் வெல்லப்பாகையும் பொட்டுக்கடலையையும் கிளறி அழுத்தி, இறுகியதும் எடுத்து நிறுத்துவது. பரணிலிருந்து கூடுகளை இறக்கினால் ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது.

ராஸ்தா பேட்டில் ஒரு மாமியிடம் இரவல் வாங்கி வரச் சொன்னாள் அம்மா. இரவலா, அப்புறம் நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, நல்ல கூட்டை அளவுக்காக ஆபீசுக்கு எடுத்துப் போனேன்.

அந்தக் கூட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அதைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு கம்பிக் கொக்கி. இதைச் செய்தவருக்குப் பாவம் வெல்டிங் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டேன். நான் பிளவே இல்லாத முழுக் கூம்பாக வரைந்து, தட்டையாக்கும் பட்டனை அழுத்தினேன். முடியாது என்றது சாஃப்ட்வேர். மூடிய கூம்பை விரிக்க வழியில்லை, எங்கேயாவது ஒரு பிளவு வை என்று சிவப்பு எழுத்தில் நச்சரித்தது. தொலையட்டும் என்று தலைமுடி அகலத்துக்கு ஒரு பிளவு கொடுத்தேன். உடனே சமர்த்தாக விசிறி வடிவத்தில் விரிந்து படுத்துக்கொண்டது.

மிச்சத்தில் கிடந்த ஸ்டெயின்லெஸ் தகட்டை வெட்டி உருட்டித் தந்தவர் வெல்டர் விலாஸ். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. வரைபடத்தில் நான் எழுதியிருந்த 'ஃபுல் வெல்ட்' என்ற குறிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், மராட்டியில் கேட்டார்:

"மேடம், இதைத் திறக்க வேண்டாமா?"

"ட்ராயிங்கில இருக்கிறபடி செய்யுங்க" என்றேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.) பிளவை மூடி, நுனியையும் அடைத்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா நெய் தடவி இரண்டு கூட்டையும் நிரப்பினாள். ஒன்றரை மணிக்குப் பழைய கூட்டின் கொக்கியைக் கழற்ற, அது விரிந்து கொடுத்தது. பருப்புத்தேங்காய் ஜம்மென்று நின்றது. அடுத்து என்னுடையதைக் கவிழ்த்தாள். தட்டினாள். நான் குலுக்கினேன். அக்கா கூட்டைப் பிடித்துக்கொள்ள நான் தொங்காத குறையாக இழுத்தேன். வெல்ட் பிடித்த சூட்டில் தகடு நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பருப்புத்தேங்காய்க்கு இடுப்பு வந்துவிட்டது. வெந்நீரில் வைத்துப் பார்த்தோம். அடியில் பாகு ஒழுக ஆரம்பிக்கவும் அம்மா பிடுங்கி எடுத்தாள். மறுபடி கிளறினால் இறுகவே மூன்று மணி நேரம் ஆகும்.

"ஒத்தையா வெச்சா பாக்கறவா என்னடி நினைச்சுப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள் அம்மா. அக்கா அந்த ஒற்றைப் பருப்புத்தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

கூம்பை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு திகிக்குப் பறந்தேன். விலாஸ் வீடு அங்கேதான். அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கூம்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் அன்றைக்கே கேட்டேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, பக்கத்துத் தெருவில் இரும்பு கேட் செய்கிறவரிடம் போய் உலோகம் தேய்க்கும் கிரைண்டர் வாங்கி வந்தார். (இரவல்தான்.)

அடிப்பக்கத்தை ஈரத்துணியால் இறுகக் கட்டி, வெல்டை வெளியிலிருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். தூள் உள்ளே விழக் கூடாது, சாப்பிடும் பொருள் என்று அவராகவே சொன்னார். கடைசி மெல்லிய தோலை உளியால் நெம்பியதும், மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு வந்தது. சாஃப்ட்வேர் கேட்ட அதே பிளவு. திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கூம்பைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீடுவரை வந்தார்.

மூன்றரை மணிக்குப் பருப்புத்தேங்காய் வெளியே வந்தது, இடுப்போடு. அம்மா அந்த இடத்தில் ஜரிகைத் தாளைச் சுற்றி மறைத்தாள். சம்பந்தி மாமி உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தாள்.

"இது பொண்ணு போலருக்கு. ஒட்டியாணமெல்லாம் போட்டுண்டு நிக்கறதே" என்றாள்.

அக்கா சிரித்ததை அன்று முழுக்க அப்போதுதான் பார்த்தேன். சாப்பிடாமல் வந்த விலாஸை அம்மா பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தாள். அந்த மனிதருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, பாயசத்தை இரண்டு தடவை பரிமாறினேன்.

மறுநாளே அவர் அந்தப் பிளவுக்கு இரண்டு கொக்கி வைத்துத் தந்தார். அன்றிலிருந்து புனேயில் தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அந்தக் கூடு இரவல் போகிறது. எங்கள் வீட்டு விசேஷம் என்றால், பருப்புத்தேங்காயை உடைத்ததும் முதல் துண்டு விலாஸ் வீட்டுக்கு. போன மாதம் கராடியில் அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மறுநாள் துண்டோடு, வேண்டுமென்றே, கூட்டையும் எடுத்துப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கூட்டைத் திருப்பிப் பிளவில் விரலை ஓட்டி, இருபத்துச் சொச்சம் வருஷமாகக் கேட்பதையே கேட்டார்:

"மேடம், ஃபுல் வெல்ட் போட்டுடட்டுமா?"