இழுங்கள், நிறுத்துங்கள், விடுங்கள்

"இழுங்கள்," என்றது போனிலிருந்து ஒரு குழைவான பெண் குரல்.

மாஸ்டரின் மனைவி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். ஓடிக்கொண்டிருந்த கார் கீச்சென்று அலறி நடுத்தெருவில் நின்றது.

"உன்னை யாரு இழுக்கச் சொன்னா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கத்தினார் மாஸ்டர்.

"அந்தப் பொண்ணுதாங்க சொல்லிச்சு."

"அது மூச்சை இழுக்கச் சொல்லுது. எனக்குச் சொல்லுது!"

"நிறுத்துங்கள்," என்றது போன்.

"ஏற்கெனவே நின்னுதாம்மா இருக்கு," என்று மனைவி பணிவாகப் பதில் சொன்னாள்.

"விடுங்கள்."

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் விட்டாள்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். போன மாதம் ஒரு மாணவர் லாரிக்கு நேராக வண்டியை விட்டபோது அவருக்குப் படபடவென்று வந்து கண் இருட்டிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி அன்றே லீவு கொடுத்துவிட்டார். டாக்டர் சரி என்றால் மறுபடியும் வண்டி. இல்லாவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை. அதை நினைத்தாலே மாஸ்டருக்கு மயக்கம் வந்தது.

டாக்டர்தான் இந்த மூச்சுப் பயிற்சிச் செயலியைச் சொன்னார். கையில் இதயத் துடிப்பு பார்க்கும் பட்டையைக் கட்டிக்கொண்டால் போனில் எண் ஓடும். "வண்டி கத்துக்குடுக்கும்போதே செய்யுங்க. அப்பதான் உண்மை தெரியும். ஒரு வாரம் கழிச்சுப் பார்ப்போம்," என்றார்.

மகள் பட்டை வாங்கிவந்து, போனோடு இணைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாம். அந்த இலவசத்தை மனைவி வளையல்களோடு சேர்த்து மாட்டிக்கொண்டாள். சும்மா வந்ததை வீணாக்க அவளுக்கு மனசு வராது.

லீவில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே? கல்யாணமானதிலிருந்து "எனக்கும் சொல்லிக்குடுங்களேன்" என்று கேட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதையே பதிலாக வாங்கிக்கொண்டிருந்த மனைவிக்கு இப்படித்தான் யோகம் அடித்தது.

மறுநாள் மாஸ்டர் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார். இனி அந்தப் பெண் சொல்வது அவருக்கு மட்டும்தான் கேட்கும். கண்ணை மூடினார். இழுத்தார். நிறுத்தினார். விட்டார்.

"என்னங்க, லெஃப்டா, ரைட்டா?"

அவருக்குக் கேட்கவில்லை.

"என்னங்க! உயிரோடதானே இருக்கீங்க?"

மாஸ்டர் அரைக்கண்ணால் போனைப் பார்த்தார். நூற்றிருபது, சிவப்பு எழுத்தில். பதறிப்போய் இன்னும் ஆழமாக இழுத்தார். நூற்றுமுப்பது. மூச்சை இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார். நூற்றுநாற்பது. அமைதியாக இருக்க இருக்க நெஞ்சு எகிறுகிறதே என்று கண்ணைத் திறந்தால், கார் ஒரு குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? பிரேக்கை மிதி! அது ஆக்ஸிலேட்டர்! பிரேக்கு, பிரேக்கு!" தன் காலடியில் இல்லாத பிரேக்கை அவர் ஓங்கி ஓங்கி மிதித்தார்.

வண்டி நின்றது. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, "அப்பாடா," என்றாள்.

மாஸ்டர் விடாமல் திட்டிக்கொண்டே போனைப் பார்த்தார். எழுபத்தாறு. பச்சை.

"மிக நன்று. உங்கள் மனம் அமைதியடைந்துவிட்டது," என்றாள் காதுக்குள் அந்தப் பெண்.

அப்புறம் அந்த வாரம் முழுக்க அதே கதைதான். கண்ணை மூடி மூச்சு விட்டால் சிவப்பு. வாயைத் திறந்து திட்டினால் பச்சை. ஒருநாள் மனைவி நெரிசலான இடத்தில் காரை அழகாகப் பின்னால் எடுத்து நிறுத்தியபோது வாய்தவறி, "பரவாயில்லையே, நல்லாவே ஓட்டுற," என்று சொல்லிவிட்டார். எண் சட்டென்று நூற்றுப்பத்துக்குத் தாவியது. பாராட்டு தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று மாஸ்டர் முடிவு செய்தார்.

அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். பாவம், அவ்வளவு நல்லவள்.

வாரக் கடைசியில் இருவரும் டாக்டரிடம் போனார்கள். காரை மனைவிதான் ஓட்டினாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மாஸ்டர் மட்டும் உள்ளே போனார். போனில் அப்போதும் நூற்றிருபத்தைந்து.

"என் வேலை போச்சு, டாக்டர்," என்றார். போனை அவர் முன்னால் நீட்டினார்.

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "கையில பார்த்தா நல்லாத்தானே ஓடுது? போன்ல மட்டும் ஏன் இப்படிக் காட்டுது?"

"திட்டினா இறங்கிடும், டாக்டர். இப்பப் பாருங்க." மாஸ்டர் கதவுப் பக்கம் திரும்பி, தன் பயிற்சிக் குரலில் முழங்கினார். "ஏய், ஹேண்ட்பிரேக்கைப் போட்டியா, இல்ல வண்டியை அப்படியே விட்டுட்டு வந்துட்டியா?"

"போட்டுட்டேங்க!" என்று வெளியிலிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது.

போனில் எண் மளமளவென்று இறங்கி எழுபத்தெட்டில் நின்றது. டாக்டரின் விரலுக்கடியில் நாடியோ அப்போதுதான் கொஞ்சம் ஏறியிருந்தது. அவர் கையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்தில் நின்றிருந்த நர்ஸ் மாஸ்டரின் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், உங்க பட்டையில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கையே நீங்க இன்னும் உரிக்கல, இவ்வளவு நாளா போன்ல துடிச்சது, வளையலோட இதே மாதிரி பட்டையைக் கட்டிக்கிட்டு வெளிய உட்கார்ந்திருக்காங்களே, அந்த அம்மாவோட நெஞ்சு."