ஆத்தூர் அணையில் கடல் ஆராய்ச்சி

கடல் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நாட்களில் நான் கடலில் கால்கூட நனைத்ததில்லை. இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். (திண்டுக்கல்லில் பிறந்தவளுக்குத் தண்ணீர் லாரி தளும்புவதுதான் அலை.)

முதல் கப்பல் பயணத்துக்கு முன்பு பேராசிரியை தன் வலையைக் கொடுத்தார். மெல்லிய துணியில் தைத்த புனல் மாதிரி, நுனியில் ஒரு சீசா.

"ஊர்ல எங்கயாவது போட்டுப் பழகிக்கோ. தொலைச்சா கப்பலுக்கு வராத."

அத்தா என்னை ஸ்கூட்டரில் ஆத்தூர் அணைக்குக் கூட்டிப்போய்க் கரையில் நின்றுகொண்டார். அங்கே மீன் பிடிக்கும் மாரியப்பன் அண்ணன் பரிசலில் ஏற்றிக்கொண்டார்.

"இம்புட்டு நைஸ் வலையில என்ன மீனு தாயி சிக்கும்?"

"மீன் இல்லண்ணே, மீனோட சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாத பாசி."

கயிற்றைக் கையில் பிடித்தபடி வலையை இறக்கினேன். காற்று மெல்ல வீச, பரிசல் தன்பாட்டுக்குச் சுழன்றது. மலையும் மேகமும் தண்ணீருக்குள் கிடந்தன. எனக்கு அது அரபிக்கடலாகிவிட்டது. குளிர்காலக் காற்றில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்குகிறது. அடியில் கிடந்த சத்து மேலே வருகிறது. வெயில் பட்டதும் கடலே பச்சை பூக்கிறது. கண் சொருக அவருக்கும் சொன்னேன்.

"அப்ப மேல சூடாவே கெடந்தா, கீழ உள்ளது வராதாக்கும்?"

"அதாண்ணே இப்பப் பிரச்சினை. கடல் சூடாக ஆக, கலக்குறது கொறையுது. பாசி பட்டினி. அப்புறம் மீனும் பட்டினி."

அவர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். "பாவம்" என்றார். பிறகு, "அது சரி தாயி, கயிறு எங்க?"

என் கை காலியாக இருந்தது.

கப்பல் போச்சு என்று எட்டிக் குனிந்தேன். பரிசல் சாய்ந்தது. அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன். நீச்சல் தெரியாது. "அத்தா, நான் போறேன்!" என்று கதறி, தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன்.

மாரியப்பன் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "எந்திரிச்சு நில்லு தாயி. இடுப்பளவுதான்."

பேச்சு மும்முரத்தில் பரிசல் கரையோரம் ஒதுங்கியிருந்தது. நின்றேன். காலில் ஏதோ வழுவழுவென்று பட்டது: வலை! சீசா நிறையச் சேறு.

கப்பலுக்குப் போனேன். பட்டமும் வாங்கினேன். போன வருடம் என் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது அத்தா பெருமையோடு கேட்டார்: "குளிர்காலத்துல கடல் எம்புட்டு ஆழத்துக்குக் கலங்குது?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இடுப்பளவுக்கு."