கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிளி

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, என் உரிமைக்காகப் போராடுவது என்று முடிவெடுத்தேன். எனக்கு உரிமை என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தது. கலியாணமாகி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கிளி.

நான் கொஞ்சம் யோசிக்கிற ஆள். இத்தாலியில், நகரத்துக்கு வெளியே பகேரியாவில் ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்தில் வேலை. எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, ‘இராஜதுரை, நீ எதற்காகப் பிறந்தாய்?’ என்று என்னையே கேட்பேன். திரும்பி வரும் ரயிலிலும் அதே கேள்வி. வீட்டுக்கு வந்து மனைவி குகனேஸ்வரியிடம் கேட்டால், “வரேக்கை பாண் வாங்கினனீங்களோ?” என்பாள். ஒருவேளை அதற்காகத்தான் பிறந்தேனோ என்று அதையும் யோசிப்பேன்.

ஆகவே பல்லரோ சந்தையில் ஒரு கிளி வாங்கினேன். பாஷைப் பழக்கத்துக்காக அதை இத்தாலியப் பெயராலேயே அழைத்தேன்: பப்பகால்லோ. அது என்னைக் காது கொடுத்துக் கேட்டது. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்துக் கேட்டது. மீன்காரன் வளர்த்த கிளி. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “சார்தே! சார்தே!” என்று சாளை மீன் விற்கும். வாழ்க்கையைப் பற்றி இதைவிடத் தெளிவான பதிலை எனக்கு யாரும் தந்ததில்லை.

எங்கள் வீடு நகரத்தில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஓர் ஒடுங்கிய சந்தில், மூன்றாம் மாடி. கீழ் மாடியில் வீட்டுக்காரி, சிஞ்ஞோரா கத்தரீனா. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வது அவருக்கு ஒரு மதம். அந்த நேரத்தில்தான் கிளிக்கு வியாபாரம் சூடு பிடிக்கும். அந்தச் சனிக்கிழமை ஒப்பந்தக் கடதாசியோடு படியேறி வந்தார்.

“மிருகம் வைச்சிருக்கக் கூடாதெண்டு இதிலை கிடக்கு. ஒரு கிழமைக்குள்ளை கிளி போகவேணும். இல்லாட்டி நீங்கள் போகவேணும்.”

“சிஞ்ஞோரா, எங்கடை பாஷையிலை கிளி பறவை. மிருகமில்லை.”

“எங்கடை பாஷையிலை செட்டை இருந்தாலும் அனிமாலேதான்.”

பின்னால் நின்ற குகனேஸ்வரி தலையாட்டினாள். யார் பக்கம் ஆட்டினாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்று பின்னேரமே ஏர்னஸ்றிடம் போனேன். மன்னார்க்காரர். எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தே இத்தாலியச் சட்டம் படித்தவர். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பயப்பிடாதேங்கோ அண்ணை. வாடகைக்கு இருக்கிறவைக்கும் உரிமை இருக்கு. வாயாலை சொல்லி ஒருத்தரும் உங்களை எழுப்பேலாது. எழுத்திலை தரவேணும், பிறகு கோட்டுக்குப் போகவேணும். வழக்கு முடியக் கிளிக்கே வயசு போயிடும்.”

“எனக்குச் சண்டை வேண்டாம் தம்பி. கிளிதான் வேணும்.”

“அப்ப டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்குங்கோ. மனநிம்மதிக்கு உது அவசியமெண்டு. சிஞ்ஞோரா இரங்குவா.”

“கிளிக்குத் துண்டோ?”

“உங்களுக்கு அண்ணை. கிளி சுகமாத்தான் இருக்கு.”

வீட்டில் சொன்னதும் குகனேஸ்வரி, “டொக்டரிட்டை நானும் வரட்டோ?” என்றாள். அவள் சீசா என்கிற பகுதியில் ஒரு கிழவரைப் பராமரிக்கிறாள். மருந்து, ஊசி, குளிசை எல்லாம் இத்தாலியனில் தண்ணிபட்ட பாடு.

“ஏன், எனக்குப் பாஷை தெரியாதோ?”

“ஆர் சொன்னது? மரங்களோடை கதைச்சு நல்லாத்தானே பழகி வைச்சிருக்கிறியள்.”

என் மனதை இன்னொருவர் மொழிபெயர்ப்பதா? தனியாகவே போனேன்.

“தொத்தோரே, எனக்குப் பப்பகால்லோ வேணும். வீட்டிலை. இரவிலை. இல்லாட்டி நித்திரை இல்லை.”

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “வயசென்ன?”

“ஐம்பத்திநாலு.”

“இரவிலை எத்தினை தரம் எழும்புறனீர்?”

“மூண்டு, நாலு தரம்.”

“எரிவு?”

நான் பெருமூச்சு விட்டேன். “நெடுக எரிவுதான் தொத்தோரே.” எவ்வளவு நுட்பமான மனிதர்! இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

“சரி, கட்டிலுக்குப் பக்கத்திலை வைச்சிரும்.”

“அதுக்கொரு துண்டு வேணும். வீட்டுக்காரி விடமாட்டன் எண்டு நிக்கிறா.”

“இதுக்குமோ வீட்டுக்காரியின்ரை அனுமதி?” டொக்டர் கதிரையில் நிமிர்ந்தார். “மனுசத்தன்மையில்லாத பொம்பிளை!” பேனை கடதாசியைக் கிழிக்கிற வேகத்தில் எழுதினார்.

சிஞ்ஞோரா துண்டை வாசித்தார். ‘மேற்படி நபருக்கு இரவில், கட்டிலுக்கு அருகில், பப்பகால்லோ அவசியம்.’ வாசித்துவிட்டுச் சிலுவை போட்டார். கண் கலங்கியது. “பொவெரினோ!” என்றார். பாவமாம். நான் வென்ற நடையோடு படியேறினேன்.

பத்து நிமிடத்தில் அவரும் ஏறி வந்தார். கையில் வளைந்த கழுத்தோடு ஒரு பிளாஸ்ரிக் போத்தல்.

“இது என்ரை மனுசன் கடைசிக் காலத்திலை பாவிச்சது. நல்லாக் கழுவித்தான் வைச்சிருந்தனான். வெக்கப்படாமல் பாவியும். கிளியை மட்டும் சொன்னபடி அனுப்பிப்போடும்.”

அவர் போனதும் குகனேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிலத்தில் இருந்து சிரித்தாள்.

“உங்களுக்குத்தான் பப்பகால்லோ எண்டால் கிளி. வருத்தக்காரரைப் பாக்கிற எங்களுக்கு அது சலப்போத்தல், படுத்த படுக்கையிலை மூத்திரம் பெய்யிற போத்தல்! கழுத்து வளைஞ்சிருக்கெல்லோ, அதாலை அந்தப் பேர்.”

“உமக்கு முதலே தெரியுமோ?”

“நான்தானே வாறன் எண்டனான்.”

ஒரு மொழியில் இரண்டு பொருளுக்கு ஒரு சொல்லை வைத்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசித்தேன். யோசிக்க நேரமில்லை. கெடு நெருங்கியது.

“குகனேசு, நீர் ஒருக்கால் டொக்டரிட்டைப் போய் விளக்கமாச் சொல்லுமன்.”

“ஓம், போறன்,” என்றாள். இவ்வளவு இலகுவாகச் சம்மதித்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க வேண்டிய இடத்தில் மட்டும் நான் யோசிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்தேன். மேசையில் முத்திரை அடித்த துண்டு. ‘மனநிம்மதிக்கு வீட்டில் ஒரு வளர்ப்புப் பிராணி அவசியம்.’ சிஞ்ஞோராவும் ஓமாம்.

“குகனேசு, நீர் தெய்வம்! என்ரை கிளி தப்பிச்சுது!”

“மியாவ்,” என்றது என் கதிரை.

சாம்பல் நிறப் பூனை. எழும்புகிற எண்ணம் அதற்கு இருக்கவில்லை.

“இதென்ன?”

“பூனை. காத்தோ எண்டால் காத்தோதான். வேறை பொருள் இல்லை, விசாரிச்சனான். மத்தியானத்திலை கத்தாதாம், சிஞ்ஞோராவுக்கும் சந்தோசம்.”

“அப்ப கிளி?”

“பூனை இருக்கிற வீட்டிலை கிளியை வைச்சிருக்கிறது பாவமெல்லோ? சீசாக் கிழவரிட்டைக் குடுத்திட்டன். அவருக்குக் காது கேளாது. இரண்டு பேரும் நல்ல ஒற்றுமை.”

“இது அநியாயம்! உரிமையைக் கண்டுபிடிச்சது நான்!”

“வாடகை ஒப்பந்தத்திலை என்ரை கையெழுத்தும் கிடக்கு. துண்டும் என்ரை பேரிலைதான். பின்னேரத்திலை கிளியோடை இரண்டு மணித்தியாலம் கதைக்கிறியள். என்னோடை ‘தேத்தண்ணி’ எண்ட ஒரு சொல். எனக்கும் கதைக்க ஒரு சீவன் வேண்டாமோ?”

யோசித்துப் பார்த்தேன்.

“உமக்கென்ன மனச்சுமை எண்டு டொக்டர் கேக்கேல்லையோ?” என்றேன் கடைசியாக.

“கேட்டவர். சொன்னன். எழுதியிருக்கிறார், வாசிச்சுப் பாருங்கோ.”

வாசித்தேன். விசா தருகிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் முதல் தபால் கந்தோர் வரை இந்த நாட்டில் ஆளுக்கொரு விதமாகச் சிதைத்த என் பெயரை, ‘நோய்க்கான காரணம்’ என்ற இடத்தில்தான் முதல் தடவையாக ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார்.