முழங்காலுக்குக் கீழே

"அலமாரியில இடிச்சுக்கிட்டேன்" என்று சொன்னதுதான் முதல் தப்பு.

கண்ணாடிக்கடைக்காரர் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை இறங்குவதுபோல் இறங்கி வந்ததை மனைவி பார்த்துவிட்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது அலமாரி.

"எந்த அலமாரி?"

"ரூம்ல இருக்கே, துணி அலமாரி."

"அது சுவரோட ஒட்டி இருக்கு. அதுல போய் எப்படி இடிச்சீங்க?"

"இருட்டில தெரியல."

"விடிஞ்சப்புறம்தானே எழுந்தீங்க?"

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வலது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கமாக, பல்வலி இடம் மாறி வந்து குடியேறிவிட்டதுபோல் ஒரு வலி. நடந்தால் முனகியது. படி இறங்கினால் கத்தியது.

உண்மை என்னவென்றால், அவர் ஓடிக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தெரியாமல். 'காலை நடை' என்று சொல்லிவிட்டுப் போய், தெருமுனை திரும்பியதும் ஓட்டம்.

அவர்கள் இருவரும் படித்த கல்லூரியில் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள். பேச்சு, சாப்பாடு, படம் எடுத்துக்கொள்வது, கடைசியில் ஒரு நானூறு மீட்டர் ஓட்டம். அழைப்பு வந்த அன்று அவருக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்லூரியில் அவருக்குப் பெயர் 'புல்லட்'. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்கும் முன்பே காலில் அரிப்பு எடுத்துவிடும். வியர்வையும் புழுதியும் கலந்த அந்த வாசனை, விசில் ஊதுவதற்கு முன்னால் ஒரு நொடி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அமைதி, கடைசி வளைவில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தும் கூட்டம். இறுதியாண்டுப் போட்டியில் அவர்தான் முதல். அந்தக் கூட்டத்தில் மனைவியும் நின்றதாக அவருக்கு ஞாபகம். அன்று மாலையே அவளாக வந்து பேசினாள். பிறகு கல்யாணம், கடை, வீடு, வயிறு. ஆனால் 'நீ என்னோட ஓட்டத்தைப் பார்த்துத்தானே மயங்கினே?' என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவள் சிரிப்பாளே தவிர, இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவளை மறுபடியும் அதே வளைவில் நிற்கவைத்து, அவள் கண் எதிரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பறந்துவிட வேண்டும். அதுவரை மூச்சு விடக்கூடாது.

பரணிலிருந்து அந்தக் காலத்து ஓட்டச் செருப்பை, அதாவது கான்வாஸ் ஷூவை, எடுத்துத் தூசி தட்டினார். அடிப்பாகம் செங்கல்லாக இறுகியிருந்தது. அதனால் என்ன? ஜெயித்த ஷூ. முதல்நாளே சிமெண்ட் ரோட்டில் குடியிருப்பைச் சுற்றி ஓட்டம். மறுநாள் அதைவிடக் கூடுதல். அதற்கு மறுநாள் வலி.

அன்று மாலை கடையிலிருந்து வந்தால், துணி அலமாரி ஹாலில் நின்றது. மனைவியும் அவள் தம்பியும் சேர்ந்து தள்ளிவந்திருந்தார்கள்.

"இனிமே இடிக்காது பாருங்க" என்றாள்.

உண்மைதான். ஆனால் விளக்கு ஸ்விட்ச் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

மனைவியின் தம்பி டயர் கடை வைத்திருப்பவர். அவரிடம் மட்டும் கண்ணாடிக்கடைக்காரர் ரகசியத்தை உடைத்தார். மைத்துனர் காலைக் குனிந்து பார்த்து, டயரை அமுக்குவதுபோல் அமுக்கினார்.

"ஆ!"

"ஒண்ணுமில்ல அத்தான். ரொம்ப நாளா நின்ன வண்டி. ஆரம்பத்துல கடகடன்னுதான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும். நிறுத்தினீங்கன்னா அவ்வளவுதான், துரு பிடிச்சுக்கும்."

"வலிக்குதேப்பா."

"வலியை ஓடித்தான் விரட்டணும். இன்னும் ரெண்டு சுத்து கூட்டுங்க."

அவர் கூட்டினார். அதிர்ச்சி குறையட்டும் என்று கண்ணாடி துடைக்கும் மெத்துத் துணிகளை மடித்துக் குதிகாலுக்கு அடியில் திணித்துக்கொண்டார். வலது காலுக்குச் சலுகை கொடுத்து இடது காலை ஊன்றி ஓடினார். வார முடிவில் இடது காலும் வலிக்க ஆரம்பித்தது.

"இப்ப என்ன?" என்றாள் மனைவி.

"கட்டில் கால்ல…"

மறுநாள் கட்டில் பிரித்து வைக்கப்பட்டது. மெத்தை தரையில். படுப்பது சுலபமாக இருந்தது. காலையில் எழுந்திருக்கத்தான் அவர் முதலில் தவழ்ந்து, சுவரைப் பிடித்து, அங்கிருந்து ஜன்னல் கம்பிக்குத் தாவி, கொடி படர்வதுபோல் மேலே வர வேண்டியிருந்தது. அந்த முக்கலைக் கேட்டுவிட்டு அவள் கேட்டதற்கு டீப்பாயைச் சொன்னார். டீப்பாயும் போயிற்று. ஹாலில் காபி டம்ளரை வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏங்க, இது என்ன விரல்னு சொல்லுங்க."

"ஆள்காட்டி விரல். ஏன்?"

"அலமாரி தெரியல, கட்டில் தெரியல, டீப்பாய் தெரியல. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறீங்களே, உங்க கண்ணை என்னிக்காவது பார்த்துக்கிட்டீங்களா?"

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நீங்களே சொல்வீங்களே."

தினமும் கடையில் அவர் சொல்லும் வசனம் அது.

தன் கடையிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு அவரே சலுகை காட்டிக்கொள்வார் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கையோடு எதிரில் இருந்த இன்னொரு கண்ணாடிக்கடைக்கு அழைத்துப் போனாள். இத்தனை வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத எதிர்க்கடைக்காரர் வாசல்வரை வந்து வரவேற்றார். கல்யாண வீட்டுக்காரர் முகத்தில்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

"வாங்க, வாங்க, உக்காருங்க. கீழ் வரி தெரியுதா? அவசரமில்ல, நிதானமா படிங்க" என்று தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

கீழ் வரி, அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் எல்லாவற்றையும் அவர் படித்தார். பிரயோசனமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் அவர் படித்ததைக் கேட்கவில்லை. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை மட்டும் பார்த்தார்கள்.

மறுநாள் அவர் கடையில் கல்லாவில் உட்காரும் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. முதலாளிக்கே கண்ணு தெரியலையாமேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டுப் போறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தலையிலதான் ஏதோ பிரச்சனைன்னு சொல்லிச் சமாளிச்சேன் சார். தினமும் எங்கேயோ பார்த்துக்கிட்டே நிக்கிறீங்கள்ல?"

மதியத்துக்குள் அவரிடமே பல வருஷமாகக் கண்ணாடி வாங்கும் ஓய்வுபெற்ற வக்கீல் வந்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "கோவிச்சுக்காதீங்க. எதுக்கும் எதிர்ல ஒரு தடவை சரிபார்த்துட்டு வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

அன்று மாலை, அலமாரி உட்பட எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத அந்த வீட்டில், கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டம், ஷூ, மெத்துத் துணி, டயர் வைத்தியம் எல்லாம்.

கையிலிருந்த டம்ளரை அவள் தரையில் வைத்தாள்.

"இந்த வயசுல இது எதுக்குங்க?"

"நீ அந்த வளைவுல நிக்கணும். நான் ஓடி வரணும். அன்னிக்கு மாதிரி." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு ஞாபகம் இருக்கா அதெல்லாம்?"

அவள் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். "மறக்குமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பனிக்கட்டியை எடுத்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து அவர் காலில் ஒற்றினாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவள் அவர் காலருகே உட்கார்ந்து பழைய ஆட்களைப் பற்றிப் பேசினாள். கணக்கு வாத்தியாரின் தும்மல், நூலகத்தில் ஆடிக்கொண்டே இருந்த மேஜை, விடுதி மொட்டை மாடியில் காய்ந்த துணிகள் காற்றில் பறந்துபோனது. வலி இருந்தது. ஆனால் அந்த மாலை முடியாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார்கள். சின்ன வயதுக்காரி. கண்டிப்பில் தலைமையாசிரியை. விரலால் எலும்பின் உள்ஓரத்தை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தாள்.

"ஒரே ஒரு புள்ளியில குத்துற மாதிரி வலிக்குதா, இல்ல நீளமாவா?"

"நீளமா. ஒரு சாணுக்கு."

"தப்பிச்சீங்க. ஒரே புள்ளியில வலிச்சிருந்தா எலும்புல விரிசல் இருக்கான்னு படம் எடுக்கச் சொல்லியிருப்பேன். இது எலும்போட ஒட்டியிருக்கிற சதை இழுத்து இழுத்து, அந்த ஓரம் புண்ணான மாதிரி. புதுசா ஓட வர்றவங்களுக்கும், விட்டுட்டுத் திரும்ப வர்றவங்களுக்கும் வர்றதுதான். நீங்க எப்படி ஓடினீங்க?"

அவர் சொன்னார். ஷூவைக் காட்டினார். அவள் அதை வாங்கி, வளைக்கப் பார்த்தாள். அது வளையவில்லை.

"இதை எங்கே எடுத்தீங்க?"

"பரண்ல."

"அங்கேயே வெச்சிடுங்க." பிறகு மளமளவென்று சொன்னாள். இப்போதைக்கு ஓட்டம் கூடாது. மூச்சுப் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். பனிக்கட்டியை நேராக வைக்காமல் துணியில் சுற்றி ஒற்ற வேண்டும். கெண்டைக்காலை நீட்டி மடக்க வேண்டும், குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். நடந்தால் வலியில்லை என்று ஆனபிறகு, புது ஷூ வாங்கிக்கொண்டு, புல்தரையில் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், மறுபடி நடை. ஒவ்வொரு வாரமும் துளித்துளியாகத்தான் கூட்ட வேண்டும்.

"நான் காலேஜ்ல புல்லட்ங்க."

"அது உங்க மனசுக்கு ஞாபகம் இருக்கு சார். உங்க எலும்புக்கு ஞாபகம் இல்ல. அதுக்கு முதல்லேருந்து சொல்லிக் கொடுக்கணும்."

"அப்ப அந்த நானூறு மீட்டர்?"

"மெதுவா, வலிக்காத வேகத்துல, பேசிக்கிட்டே ஓடுற மாதிரி ஓடலாம். பறக்கக்கூடாது."

அவர் சொன்னபடி கேட்டார். அலமாரி சுவருக்குத் திரும்பிப் போயிற்று. ஹாலில் விளக்கு எரிந்தது. வக்கீல் எதிர்க்கடையில் சரிபார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்து, அசட்டுச் சிரிப்போடு வந்து கண்ணாடியை வாங்கிப்போனார். விழா நெருங்கியபோது அவரால் பூங்காவின் புல்தரையில் வலியில்லாமல் மெல்ல ஓட முடிந்தது. மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் நடக்க வேண்டிய நேரம் வந்தால் கையைக் காட்டி நிறுத்தினாள்.

விழா நாள். மைதானத்தில் அதே சுண்ணாம்புக் கோடு. அதே புழுதி வாசனை. ஒரு காலத்தில் முடி இருந்த தலைகளும், ஒரு காலத்தில் இடுப்பு இருந்த இடுப்புகளும் வரிசையாக நின்றன. விசிலுக்கு முன்னால் அந்த ஒரு நொடி அமைதி வந்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் ஓடினார். பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். பக்கத்தில் ஓடியவரிடம் பேரன் பேத்தி பற்றிக்கூட விசாரித்தார். கடைசி வளைவு வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு.

பிசியோதெரபிஸ்ட், புல்தரை, துளித்துளி எல்லாம் மறந்துபோயிற்று. புல்லட் சீறியது.

பத்து எட்டு வைத்திருப்பார். இரண்டு காலும் சேர்ந்து 'ஐயா' என்றன. மற்றவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். பேரன் பேத்திக்காரரும் போனார். கண்ணாடிக்கடைக்காரர் நொண்டி நொண்டி, கோட்டைத் தொட்டபோது பரிசு வாங்கினவர் தண்ணீர் குடித்து முடித்திருந்தார்.

மனைவி கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடிவந்து அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள். பின்னாலேயே அவளுடைய விடுதித் தோழி, இப்போது ஒரு பல் டாக்டர், மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். எல்லோரும் படித்து முடித்த பிறகு அன்றுதான் அவள் அவர்களைப் பார்க்கிறாள்.

"மன்னிச்சுக்கோ" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம், தலை நிமிராமல். "அன்னிக்கு மாதிரி ஓட முடியல."

மனைவி தோழியைப் பார்த்து அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். தோழி அதைக் கவனிக்கவே இல்லை.

"அன்னிக்கு நீங்க ஓடினதை இவ எங்கே பார்த்தா? நாங்க மைதானத்துக்கு வந்தப்ப ஓட்டமே முடிஞ்சுபோச்சு! நீங்க இதே மாதிரி காலைப் பிடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டுப் போனீங்க. அதைப் பார்த்துட்டுத்தானே, 'அய்யோ பாவம், பிறவியிலேயே இப்படி போல, இவரை யாருடி கட்டிப்பா'ன்னு இவ அழுதா!"